படுத்துப் பார்க்கும் யன்னல்

வேலையிலிருந்து இளைப்பாறியவர்களின் அனுபவங்களுக்கென்று ஒதுக்கிய பக்கத்தில் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. இருந்தாலும் மறுப்பதற்கு நியாயம் இல்லை. படவரைஞராக ஏழு வருடம் வேலை செய்தேன். அது முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது உரும்பிராயில் ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பிக்கிறேன். என்னுடைய வரைபலகையை அங்கே இரண்டு எண்ணெய்ப் பரல்களின்மேல் மேசையாகப் போட்டிருக்கிறார்கள். அதன் விளிம்பில் நான் பென்சில் தீட்டிய தழும்புகள் இன்னமும் இருக்கின்றன. பாடம் நடக்கும்போது கை தானாக அவற்றைத் தடவும்.

கேட்டவள் சுகந்தி. முன்பு என்னிடம் கணிதம் படித்தவள், இப்போது தொழில்நுட்ப வகுப்பில் படவரைதல் படிக்கிறாள். அவர்களுடைய வகுப்பு றோணியோவில் பிரதி அடித்து ஒரு சஞ்சிகை வெளியிடுகிறது.

“அக்கா, தடை நீங்கிச் சீமெந்து திரும்ப வரப்போகுதாம். சந்தியிலை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்,” என்றாள். “நாங்கள் படிச்சு முடிக்க வேலை இருக்கும்போலை. ஆனா ஒண்டு விளங்கேல்லை. ஆர்க்கிரெக்ற் எண்டால் ஆர், கட்டுறவர் எண்டால் ஆர்? வகுப்பிலை கேட்டால், ஒருத்தர் யோசிக்கிறவர், மற்றவர் செய்யிறவர் எண்டு சொல்லுகினம்.”

“அதிலை என்ன விளங்கேல்லை?”

“அப்ப மேசன்மாருக்கு யோசனை இல்லையோ?”

இதே கேள்விக்காக நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். நடுவில் கோடு கீறி, ஒரு பக்கத்தில் ‘கீறுபவர்’ என்றும் மறு பக்கத்தில் ‘கட்டுபவர்’ என்றும் எழுதியிருந்தேன். வேலையில் சேர்ந்த முதல் வருடத்திலேயே தொடங்கியது. எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்கு அமைதி வரும். அந்தக் கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

படித்த கதை சுருக்கமானது. எண்பத்து மூன்றில் தொடங்கினேன். வகுப்பு நடந்த நாட்களும் நடக்காத நாட்களும் ஏறக்குறையச் சமம். எழுத்துகளை ஒரே உயரத்தில் எழுதவும், கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் பேனையைக் கொஞ்சம் அழுத்தவும், மைப்பிழையைச் சவர அலகால் தாள் கிழியாமல் சுரண்டவும் பழகினேன். எண்பத்தைந்தில் யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தேன். அலுவலகம் என்றால் அவருடைய வீட்டின் முன்னறை. அவர் பெயர் சபாநாயகம். நாங்கள் சேர் என்போம்.

சேர் வரைதாளைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். கழுவிய கையைத் துடைத்துவிட்டு, ஈரம் இருக்கிறதா என்று புறங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் தொடுவார். என் வரைபடத்தில் பிழை கண்டால் ஒரு சொல்லும் சொல்ல மாட்டார், பென்சிலாலும் குறிக்க மாட்டார். மேசைச் சிமிழில் குன்றிமணி வைத்திருந்தார். பிழை இருக்கிற இடத்தில் ஒரு குன்றிமணியை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அது என்ன பிழை என்பதை அவர் திரும்பி வருவதற்குள் நான் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் தாளில் ஏழெட்டுக் குன்றிமணி சிவப்பாக இருக்கும். ஒன்றும் இல்லாத நாளில் சந்தோசத்துக்குப் பதிலாகச் சந்தேகம்தான் வரும்.

மேசன் யோசேப்பு அண்ணையை எல்லா வேலைத் தளங்களிலும் சந்தித்தேன். சேரின் வரைபடங்களில் முக்காற்பங்கைக் கட்டியவர் அவர்தான். குருநகர் ஆள். அப்போது நாற்பது வயதுகூட இல்லை. தகப்பனும் சகோதரர்களும் கடலுக்குப் போகிறவர்கள்.

“நீங்கள் ஏன் அண்ணை கடலுக்குப் போகேல்லை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கடலிலை வேலை செய்தால் பின்னேரம் திரும்பிப் பாக்க ஒண்டும் இராது, தங்கச்சி. எனக்குத் திரும்பிப் பாக்கவேணும்.”

உண்மையில் அவர் அப்படித்தான் செய்வார். வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசற் படலைவரை போய், திரும்பி நின்று அன்று கட்டிய சுவரைப் பார்ப்பார். சேர் என் தாளைப் பார்ப்பதைவிடக் கூடுதல் நேரம் பார்ப்பார்.

கொப்பியின் முதற் பக்கங்கள் இந்தக் காலத்தவை. கீறுபவரிடம் அழிப்பான் உண்டு, கட்டுபவரிடம் சுத்தியல்தான் உண்டு. கீறுபவர் மழையை அம்புக்குறியால் காட்டுவார், கட்டுபவர் அதில் நனைவார். கீறுபவருக்கு வீடு மேலிருந்து தெரியும், கட்டுபவருக்குக் கீழிருந்து. இப்போது வாசிக்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்ற நினைப்பில் எழுதியவை.

சொல்ல வந்தது ஒரு கட்டடத்தைப் பற்றி.

தொண்டைமானாற்றுக்குக் கிட்ட, கடல்நீரேரிக் கரையில் ஒரு பிள்ளைப்பேற்று விடுதி வேண்டும் என்று அந்த ஊர் ஆட்கள் சேரிடம் வந்தார்கள். பேச வந்தவர் பரமேசுவரி அக்கா. அந்தப் பகுதியின் மருத்துவிச்சி, ஐம்பது வயது, உரத்த குரல். ஊரடங்கு நாட்களில் பெரியாஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. ஓலைக் கொட்டில் ஒன்றில்தான் அவர் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தார். மாரியில் அதற்குள் கணுக்கால் அளவு வெள்ளம் நிற்கும். “தாய்க்கு வெந்நீர் வைக்கிறதோ, காலடித் தண்ணியை இறைக்கிறதோ எண்டு தெரியாமல் நிக்கிறன்,” என்றார். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஓர் அறையில் நான்கு கட்டில், பக்கத்தில் ஒரு சிறிய அறை, ஒரு விறாந்தை.

காணி பார்க்க சேரும் யோசேப்பு அண்ணையும் நானும் போனோம். வெறும் மணல், நாலைந்து தாழம் பற்றைகள், அதற்கப்பால் நீர். சேர் அரை மணித்தியாலம் ஒன்றும் பேசாமல் நடந்தார். பிறகு தெருவோரத் தேத்தண்ணிக் கடையில் ஒரு நீளமான மர வாங்கை இரவல் வாங்கி வரச் சொன்னார். அதன் கால்களுக்குக் கீழே கல் வைத்துக் கட்டில் உயரத்துக்கு உயர்த்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், பிறகு நினைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வாங்கில் ஏறி நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

“யோசேப்பு, ஒரு பலகையை எனக்கும் தண்ணிக்கும் நடுவிலை குறுக்காப் பிடியும். மெல்ல மெல்ல இறக்கும்.”

யோசேப்பு அண்ணை பிடித்தார், இறக்கினார். “இன்னும்” என்றார் சேர். “கொஞ்சம் ஏத்தும்” என்றார். பின் சத்தத்தைக் காணவில்லை.

“சேர், கை உழையுது. நித்திரையாப் போனியளோ?”

“பொறும். ஒரு கொக்கு நிக்குது.”

தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று, “ஆருக்குச் சுகமில்லை?” என்று கேட்டார். யோசேப்பு அண்ணை பலகையைப் பிடித்தபடியே, “உந்த ஐயாவுக்குத்தான். பிள்ளை பெறப்போறார்,” என்றார். சேர் சிரிக்கவில்லை. “இப்ப நிப்பாட்டும். அளவு எடும்,” என்றார் என்னிடம்.

நிலத்திலிருந்து பலகையின் மேல் விளிம்புவரை இரண்டடி மூன்றங்குலம். எழுதிக்கொண்டேன். படுத்திருக்கிற தாய்க்கு நீர் தெரிகிற உயரம் அது. கிழக்குச் சுவரில் மூலைவரை போகிற பத்தடி யன்னல், நடுவில் தூண் இல்லை, மேலே சுவரைத் தாங்கக் கம்பி வைத்த ஒரே கொங்கிறீற் வளை. வரைபடத்தைக் கீறி முடித்த அன்று சேர் ஒரு குன்றிமணியும் வைக்கவில்லை. கட்டில்களையும் நானே கீறியிருந்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மெத்தையுடன் இரண்டடி’ என்று எழுதியிருந்தேன்.

அத்திவாரம் போட்டு, யன்னல் அடிவரை சுவர் எழும்பியிருந்தபோது சண்டை திரும்பத் தொடங்கியது. சீமெந்து, கம்பி எல்லாவற்றுக்கும் தடை வந்தது. வேலை நின்றது. சேரின் பிள்ளைகளுக்குப் படிப்புக் குழம்பியதால் அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போகத் தீர்மானித்தார். போகிற நாளில் அலுவலகத் திறப்புக் கோர்வையையும் வரைபடச் சுருள்களையும் தந்தார். தான் கோடு பிடிக்கிற ரீ ஸ்குவயரைத் துணியால் சுற்றித் தந்தார்.

“விடுதி வேலையை நீர் பாரும். யோசேப்பு இருக்கிறார்.”

“நான் படவரைஞர்தானே, சேர்.”

“இங்கை இனி உம்மை விட்டால் ஆர்?”

குன்றிமணிச் சிமிழை விட்டுவிட்டுப் போய்விட்டார். மறந்து விட்டதா, வேண்டுமென்று விட்டதா என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு மாரி போயிற்று. மூன்றாவது மாரிக்கு நான்கு மாதம் இருக்கையில் பரமேசுவரி அக்கா வல்லை வெளியால் சைக்கிள் மிதித்து உரும்பிராய்க்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “போன மாரியிலை ஒரு பிள்ளையைத் தண்ணிக்கை தவறவிடப் பாத்தன், பிள்ளை. கை வழுக்கிப் போச்சுது. கடவுள் காப்பாத்தினது. இன்னொரு மாரி அந்தக் கொட்டிலிலை என்னாலை ஏலாது,” என்றார்.

வளைக்கு என் கணக்கின்படி பதினாலு பை சீமெந்து வேண்டும். தடைக்கு முன் வாங்கிக் கோயில் மடைப்பள்ளிக் களஞ்சியத்தில் வைத்த பைகள் இருந்தன. எண்ணினேன், பதினாறு. கம்பியும் பலகையும் இருந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சரி அடையாளம் போட்டேன்.

யோசேப்பு அண்ணை ஒரு பையின் வாயை அவிழ்த்து முழங்கைவரை கையை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“குளிரேல்லை, தங்கச்சி.”

“என்ன?”

“நல்ல சீமெந்துக்குள்ளை கையை விட்டால் குளிரும். இது சாம்பல் மாதிரிக் கிடக்குது. அங்கங்கை கட்டியும் பட்டிருக்கு.”

“கட்டியை அரிச்சு எடுப்பம். பதினாறு இருக்கு, வேண்டியது பதினாலுதானே.”

“எண்ணிக்கை சரி. நான் சொல்லுறது...”

“அண்ணை, மாரிக்கு எத்தினை நாள் இருக்கெண்டு தெரியும்தானே?”

அவர் கையில் ஒட்டியதைத் தட்டினார். “நீங்கள் கீறுற ஆக்கள். சொன்னால் சரி,” என்றார். அவர் என்னை எப்போதாவது ‘கீறுற ஆக்கள்’ என்றால் அதில் சிரிப்பும் பகிடியும் இருக்கும். அன்று இருக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், வேலைக் கொப்பியில் ‘சீமெந்து பரிசோதிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

நுளம்பு வலையால் அரித்து, குழைத்து, ஒரே நாளில் வளையைப் போட்டோம். சாக்கு நனைத்துப் போர்த்தினோம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினோம். நாட்களை நான் பட்டியலில் ஒவ்வொன்றாக வெட்டி வந்தேன். இருபத்தோராவது நாள் வளையைத் தாங்கிய முட்டுக்கட்டைகளை எடுக்க வேண்டும். யோசேப்பு அண்ணை பக்கப் பலகையை மட்டும் கழற்றினார். சுத்தியலால் தட்டினார். கல்லில் தட்டிய சத்தம் வரவில்லை. ஈர மரத்தில் தட்டியதுபோல இருந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து வளையின் முகத்தில் இழுத்தார். தூள் உதிர்ந்து, நீளமாக ஒரு கோடு விழுந்தது.

“முட்டுக்கட்டையை எடுக்கமாட்டன்,” என்றார்.

“இருபத்தொரு நாள் முடிஞ்சுது, அண்ணை.” அப்போதும் இதைத்தான் சொன்னேன்.

“ஓம், முடிஞ்சுது. உதுக்குக் கீழைதானே கட்டில் வரும்? உங்கடை படத்திலை அப்பிடித்தானே இருக்கு?”

நான் அந்தக் கோட்டில் விரலை வைத்தேன், தூள் ஒட்டியது. அவர் என்னைப் பார்க்காமல், “உடைக்கவேணும். நான் கட்டினது, நான் உடைக்கிறன். நீங்கள் வீட்டை போங்கோ,” என்றார்.

“நான் சொல்லித்தானே கட்டினது?”

“உங்கடை பேர் அந்தக் கொப்பியிலைதான் இருக்கு. என்ரை பேர் இந்தச் சுவரிலை இருக்கு. சனம் சுவரைத்தான் பாக்கும்.”

நான் போகவில்லை. பெரிய சுத்தியலை என்னால் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. சின்னச் சுத்தியலால் கம்பியைச் சுற்றியிருந்ததை உடைத்தேன். இரண்டு நாள் எடுத்தது. பரமேசுவரி அக்கா முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் நாள் எங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்.

“என்ன, கட்டச் சொன்னால் இடிக்கிறியளோ?”

“பிழை விட்டது நான், அக்கா,” என்றேன்.

“வளை ஒரு பிள்ளைக்கு மேலை விழுந்தாப் பிறகு சொல்லாமல் முதலே சொன்னியே, அது காணும். சாப்பிடு. மாரிக்கு என்ன செய்யப்போறாய்? அதைச் சொல்லு.”

சீமெந்து இல்லாமல் பத்தடி யன்னலுக்கு மேல் ஒன்றும் நிற்காது. அன்று பின்னேரம் யோசேப்பு அண்ணை மணலில் குந்தியிருந்து குச்சியால் ஒரு வில்லைக் கீறினார். கல்லை ஆப்புப்போலச் செதுக்கி வில்லாக அடுக்கினால், ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். கம்பி வேண்டாம், சுண்ணாம்புச் சாந்து போதும். கல்லும் சுண்ணாம்பும் எங்கள் நிலத்தில் இருக்கின்றன, அவற்றை யார் தடுக்க முடியும்?

“ஆனால் பத்தடிக்கு ஒரே வில்லு சரிவராது,” என்றேன். “சுவர் அவ்வளவு உயரம் இல்லை. அதோடை வில்லு ரண்டு பக்கமும் தள்ளும். யன்னல் மூலைவரை போகுது. மூலையைப் பிரிச்சுப்போடும்.”

“அப்ப மூலையை விடுவம். நடுவிலை சின்னதா மூண்டு.”

“சேரின்ரை யன்னல் போயிடும்.”

“சேரின்ரை யன்னலிலை எது சேரின்ரை?” என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். கை கழுவி, துடைத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தடி, மூலை, தூணில்லாத அகலம் எல்லாம் அவருக்குப் பிடித்தவை. எனக்கும் பிடித்தவை. அப்படியொரு யன்னலை நான் அதற்குப் பிறகு கீறவில்லை, இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் வாங்கில் படுத்து அவர் அளந்தது அகலத்தை அல்ல. குன்றிமணிகளை எடுத்து ஒவ்வொரு அளவின் மேலும் வைத்துக்கொண்டு போனேன். விடக்கூடியவற்றில் எல்லாம் வைத்தேன். கடைசியில் சிவப்பு இல்லாமல் மிஞ்சியது ஒன்றே ஒன்று: இரண்டடி மூன்றங்குலம்.

மூன்று ஒடுங்கிய வில் யன்னல்கள். நடுவிலே தடித்த இரண்டு சுவர்த்துண்டுகள். இரண்டு மூலைகளும் கனத்த சுவர். யன்னல் அடியின் உயரத்தை மட்டும் மாற்றவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் கரித்துண்டும் கயிறும் வைத்து வில்லை முழு அளவில் கீறினேன். யோசேப்பு அண்ணை அந்தக் கோட்டின்மேல் கற்களைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் செதுக்கினார். சுண்ணாம்பை நீற்றி, மணலும் பனங்கட்டிக் கரைசலும் சேர்த்து ஊர் ஆட்கள் இடித்தார்கள். வில்லின் உச்சியில் கடைசிப் பூட்டுக்கல்லை இறக்கும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, “தட்டுங்கோ, தங்கச்சி,” என்றார். தட்டினேன். மணி அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னொருமுறை தட்டினேன்.

ஏழு வருடத்தில் என் கை பட்ட தாள்கள் எத்தனை என்று பட்டியல் இருக்கிறது. என் கை பட்ட கல் அது ஒன்றுதான்.

பனை மரத்தில் கூரை போட்டு ஓடு வேய்கிற நேரத்தில் என் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு மாதம் நான் வீட்டை விட்டு நகரவில்லை. மாரிக்கு ஒரு கிழமை முன்னதாகக் புதுவீட்டுக் குடிபூரல்போல ஒரு சின்னத் திறப்பு விழா நடந்தது. போனேன். யன்னலுக்கு முன்னால் மேசை போட்டு நிறைகுடம் வைத்திருந்தார்கள். சனம் நிறைந்து நின்றது. நானும் நின்றுகொண்டு பார்த்தேன். மூன்று வில்லும் நேர்த்தியாக இருந்தன. யோசேப்பு அண்ணை கடைசி ஆளாகப் படலையில் நின்று திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். “சரிதானே, அண்ணை?” என்றேன். “ஓம், சரிதான்,” என்றார். வேறு ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. அடுத்த வருடம் மனைவியின் ஊரான மன்னாருக்குப் போய்விட்டார். விலாசம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

மாற்றிய வரைபடத்தின் ஒரு பிரதியைச் சேருக்கு ஆள் மூலம் அனுப்பியிருந்தேன். பதில் வர ஐந்து மாதம் எடுத்தது. வளை உடைத்ததைப் பற்றியோ வில்லைப் பற்றியோ அதில் ஒன்றும் இல்லை. சுகம் விசாரித்துவிட்டு, கீழே ஒரு வரி: ‘படுத்துப் பார்த்தீரா?’

நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுத முடியாது, பார்க்கவில்லை என்று எழுதவும் மனம் வரவில்லை. கடிதத்தை ரீ ஸ்குவயரோடு துணிக்குள் சுற்றி வைத்தேன். ஏன் வேலையை விட்டீர் என்று கேட்கிறவர்களிடம் சீமெந்துத் தடை என்றுதான் சொல்லி வந்தேன். பாதி உண்மை. மற்றப் பாதி, ‘பரிசோதிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்குக் கீழே திரும்பக் கையொப்பம் வைக்க எனக்குப் பயம். ஆனாலும் யாராவது தெருவில் நூல் பிடித்து அத்திவாரம் அடையாளம் போட்டால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவேன். ஈரச் சுண்ணாம்பு மணந்தால் அது எங்கே என்று தேடிப் போவேன்.

சுகந்தி கேள்வி கேட்ட அடுத்த ஞாயிறு விடுதிக்குப் போனேன். காலை பத்து மணி இருக்கும். கட்டில்கள் நான்கில் மூன்று வெறுமை. நான்காவதில் ஒரு பெண் குழந்தையோடு உறங்கிக்கொண்டிருந்தாள். பரமேசுவரி அக்கா கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, ஏதும் விசேசமோ? சொல்லாமல் கலியாணம் முடிச்சிட்டியோ?”

“இல்லை அக்கா. கொஞ்சம் படுத்துப் பாக்கவேணும்.”

“வயித்திலை ஒண்டும் இல்லாமல் இந்தக் கட்டிலிலை படுக்கக் கேக்கிற ரண்டாவது ஆள் நீ.”

முதலாவது ஆள் யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. படுத்தேன். இரும்புக் கட்டில், அதன்மேல் ஒரு பாய். நடு யன்னலுக்குள் நீர் இருந்தது. வெயில் பட்டுத் தகடுபோலக் கிடந்தது. வலப்பக்க யன்னலில் ஒரு வள்ளம். அது நகர்ந்து சுவருக்குப் பின்னால் மறைந்து, பிறகு நடு யன்னலில் வந்தது. வர எடுத்த நேரத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பத்தடி யன்னலாக இருந்தால் அந்த வள்ளத்துக்காக நான் காத்திருந்திருக்க மாட்டேன்.

பழக்க தோசம், எழும்பியதும் டேப்பை எடுத்தேன். நிலத்திலிருந்து யன்னல் அடிவரை ஓரடி பத்தங்குலம். திரும்ப அளந்தேன். மூன்று யன்னலிலும் அதேதான். நான் விடாமல் பிடித்திருந்த ஒரே ஓர் அளவில் ஐந்து அங்குலம் குறைவு.

“அக்கா, இதை ஆர் மாத்தினது?”

“உவன் யோசேப்புத்தான். வேறை ஆர்?” என்றார் அவர், மடித்துக்கொண்டிருந்த துணியை விடாமல். “நீ தாய்க்கு வருத்தம் எண்டு வராமல் நிண்டாயே, அப்பத்தான் கட்டில் வந்தது. பழைய ஆஸ்பத்திரிக் கட்டில். மெத்தை வரேல்லை, இண்டுவரை வரேல்லை. வந்த உடனை அவன் பாயைப் போட்டு ஏறிப் படுத்தான். நான் ஏசினன். ‘பொறுங்கோ அக்கா, சேர் இப்பிடித்தான் படுத்தவர்’ எண்டான். படுத்துக்கொண்டு, ‘ஐயோ, ஆகாயம் மட்டும்தான் தெரியுது’ எண்டான். அண்டைக்கே உளியை எடுத்து மூண்டையும் வெட்டி இறக்கினவன்.”

“எனக்குச் சொல்லேல்லையே.”

“‘தங்கச்சி இந்த அளவைத்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டது, சொன்னால் அழும்’ எண்டான். நீ அழமாட்டாய் எண்டு நான் சொன்னனான்.”

அழவில்லை. யன்னல் அடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உளி பட்ட இடத்தைச் சுண்ணாம்பு பூசி வழுவழுப்பாக்கியிருந்தார். சேர் இப்போது அந்த வரைபடத்தைப் பார்த்தால் குன்றிமணியை எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியும். யன்னலில் அல்ல. கட்டிலில், ‘மெத்தையுடன்’ என்று நான் எழுதிய இடத்தில்.

கொப்பியில் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் அவர்களை நிறுத்திவைத்திருந்தேன். ஒருவர் கட்டடம் வருவதற்கு முன் வெறும் மணலில் படுத்துப் பார்த்தார். மற்றவர் கட்டடம் வந்த பின் வந்த கட்டிலில் படுத்துப் பார்த்தார். நின்றுகொண்டே இருந்தவள் நான்தான். சுகந்திக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். யோசேப்பு அண்ணையிடம் இதைச் சொல்லி அவர் என்னைப் பகிடி பண்ணுவதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. மன்னார்ப் பக்கம் போகிற யாராவது, திரும்பி நின்று சுவரைப் பார்க்கிற ஒரு மேசனைக் கண்டால், தங்கச்சி படுத்துப் பார்த்தாளாம் என்று சொல்லிவிடுங்கள். சேருக்கு நேற்று எழுதிப் போட்டேன்: ‘பார்த்தேன் சேர். தெரிகிறது. உயரம் யோசேப்பு அண்ணையுடையது.’

சுகந்தியின் சித்தப்பா ஒருவர் கோப்பாயில் இரண்டு அறை வீடொன்று கட்ட நினைக்கிறாராம். வருகிற சனிக்கிழமை காணி பார்க்க வரச் சொல்லியிருக்கிறாள். ஓம் என்று சொல்லிவிட்டேன். கொண்டுபோக வேண்டியவற்றைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

டேப். நூற்கட்டை. தூக்குக்குண்டு. நாலு முளை. பென்சில், தாள். தண்ணீர்ப் போத்தல்.

ஒரு பாய்.